சொல்லும் பொருளும்: பைலா என்பவர் எந்த ஊர்க்காரர்?



இப்பகுதிக்கு வரும் வினாக்கள் பெரும்பாலும் பழைய நூல்களில் வரும் அருஞ்சொற்களைப் பற்றியனவாகவே இருக்கும். சென்ற திங்கள் புத்தலப்பட்டிலிருந்து வந்த கடிதம் அத்தகையது அன்று. அது பால் ஊற்றும் இடத்தில் பிறந்த வினா. எழுதியவர் நம் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் மனைவியார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைப்பை நாடி வந்த குடும்பம். கணவர் கொத்து வேலை செய்பவர். வீட்டில் இரண்டு பசுக்கள் உண்டு. மாமியாரும் மருமகளும் அவற்றைப் பேணிப் பால் சங்கம் ஒன்றில் நாள்தோறும் பால் ஊற்றி வருகின்றனர். சங்கத்துப் பங்கு மாமியாரின் பெயரில் இருக்கிறது.

சென்ற ஆண்டிலிருந்து பால் பணத்தில் ஒரு சிறு தொகை திங்கள்தோறும் பிடித்துக்கொள்ளப்பட்டதாம். ஏன் என்று மாமியார் கேட்டிருக்கிறார். "பைலாப்படி பிடிக்கிறோம், அம்மா" என்று விடை வந்தது. தமிழும் தெலுங்கும் மட்டுமே அறிந்த அம்மூதாட்டி, அதனை ஓர் அதிகாரியின் பெயர் என்று எண்ணிக்கொண்டார். "பைலா என்பவர் எந்த ஊர்க்காரர்? நேரில் கண்டு பேசலாமா?" என்று கேட்டுவிட்டார். பால் குவளையோடு வரிசையில் நின்ற அனைவரும் கொல்லென்று சிரித்தனர். அன்றிலிருந்து அவர் பால் ஊற்றச் செல்வதில்லை, மருமகளே செல்கிறார். "பிடித்த தொகை பெரிதன்று, ஐயா. மாமி வாசல் தாண்டுவதில்லை என்பதுதான் எங்களுக்கு வருத்தம். பைலா என்றால் என்ன? அதற்குத் தமிழ் என்ன? அதைக் காட்டுங்கள் என்று நாங்கள் கேட்டது குற்றமா? பீரோவில் இருக்கிறது, சாவி வேறொருவரிடம் இருக்கிறது என்கிறார்கள்" என்று கடிதம் முடிகிறது.

மூன்று வினாக்கள். முதல் இரண்டும் சொல்லைப் பற்றியன. மூன்றாவது உரிமையைப் பற்றியது. ஆராய்ந்து பார்த்தால் மூன்றும் ஒரே வினா என்பது புலப்படும். அது மட்டுமன்று, வரிசையில் நின்று சிரித்தவர்களைவிட அம்மூதாட்டியே சொல்லின் பொருளுக்கு அருகில் நின்றார் என்பதும் விளங்கும்.

பைலா என்பது ஆங்கிலச் சொல். இரு பகுதிகளால் ஆனது. 'லா' என்றால் சட்டம் என்பதை நாம் அறிவோம். 'பை' என்றால் என்ன? நகரத்துக்குள் நுழையாமல் ஒதுங்கிச் செல்லும் சாலையைப் பைபாஸ் என்கிறோம். பொதுத் தேர்தலுக்கு இடையில் வரும் தேர்தலையும் ஆங்கிலத்தார் 'பை' சேர்த்தே வழங்குவர். ஆகவே பைலாவும் பக்கத்தில் ஒதுங்கி நிற்கும் சட்டம், இரண்டாந்தரச் சட்டம் என்றே பலர் கருதுகின்றனர். ஆங்கிலம் பேசுவோரிலும் பலர் அவ்வாறே கருதுகின்றனர்.

சொல்லின் பிறப்பை ஆராய்ந்த அறிஞர்கள் வேறு விளக்கம் தருவர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வடகடல் நாடுகளிலிருந்து மரக்கலம் ஏறிவந்த மக்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினர். அவர்கள் மொழியில் 'பி' என்று ஒலித்த சொல்லுக்கு ஊர் என்பது பொருள். டென்மார்க்கு நாட்டில் இன்றும் அச்சொல் நகரத்தைக் குறிக்கும். சுவீடனில் சிற்றூரைக் குறிக்கும். இங்கிலாந்தில் டார்பி, விட்பி, கிரிம்சுபி என்று ஈற்றில் 'பி' பெற்ற ஊர்ப்பெயர்கள் பல உள்ளன. நம் பக்கத்தில் செங்கல்பட்டு, புத்தலப்பட்டு என எல்லைக்கு இருபுறமும் 'பட்டு' என்னும் ஈறு நிற்பது போன்றது அது. அக்குடியேறிகள் தம் ஊர்க் காரியங்களுக்கு, மேய்ச்சல் நிலத்துக்கு, வேலிக்கு, நீருக்குத் தாமே கூடி வகுத்துக்கொண்ட முறைகளே ஊர்ச்சட்டம் எனப்பட்டன. அதுவே பிற்காலத்தில் 'பைலா' ஆயிற்று. 'லா' என்னும் பகுதியும் அவர்கள் மொழியிலிருந்து ஆங்கிலம் பெற்றதே. 'வகுத்து வைத்தது' என்பது அதன் வேர்ப்பொருள்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. ஒன்று, பைலா என்பது பக்கச் சட்டம் அன்று, ஊரின் சட்டம். மற்றொன்று, பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து வேற்று மண்ணில் குடியேறியவர்கள் ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொல் அது. பிழைப்பை நாடி வந்த குடும்பங்களுக்காக நடைபெறும் இத்திங்களிதழில் அச்சொல்லை ஆராய்வது பொருத்தமே அன்றோ?

பிற நாட்டார் இதனை எவ்வாறு மொழிபெயர்த்தனர் என்று காண்போம். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் 'துணைவிதி' என்பது நிலைபெற்ற வழக்கு. இலங்கையில் நகரசபை, பிரதேசசபை ஆகியவை இயற்றுவதை 'உபவிதி' என்பர். மலாய் மொழியில் அதனைச் 'சிறு சட்டம்' என்று பொருள்படும் தொடரால் குறிக்கின்றனர். துணை, உப, சிறு என்னும் இம்மூன்று அடைகளும் 'பை' என்பதைப் பக்கம் என்றே கொண்டு பிறந்தவை. இவற்றைப் பிழை என்று தள்ள வேண்டியதில்லை. மேலே ஒரு பெரிய சட்டம் நிற்க, அதன் கீழ் இது நிற்கிறது என்னும் உண்மையை அவை உணர்த்துகின்றன. ஆயினும் ஊர் என்னும் பாதியை அவை விட்டுவிட்டன.

தெலுங்கு நாட்டில் வாழும் நாம் மற்றொன்றையும் நினைவில் வைத்தல் வேண்டும். இங்குள்ள படிவங்களில் 'நிபந்தனலு' என்று காணப்படும். தமிழர் அதனை நிபந்தனை என்று படித்து, ஏதோ நம்மீது தனியே சுமத்தப்பட்ட கட்டளை என்று மயங்குவர். தெலுங்கில் அது பொதுவான விதிகளையே குறிக்கும். 'சட்டம்' இரு மொழிக்கும் பொது. 'விதி' என்பதிலோ நமக்கே ஒரு மயக்கம் உண்டு. அது ஊழையும் குறிக்கும், ஒழுங்கையும் குறிக்கும். கையொப்பமிட்ட தாளைப் படிக்காமல், பின்னர் இன்னல் வந்தபோது "எல்லாம் விதி" என்று நெற்றியைத் தொடுவோர் இரண்டு பொருளையும் ஒன்றாக்கிவிடுகின்றனர். ஊழ் நாம் எழுதியதன்று என்பர். சங்கத்தின் விதி நாம் எழுதியது, நாம் திருத்தக்கூடியது.

இனி, நம் முன்னோரிடம் இக்கருத்துக்குச் சொல் இருந்ததா என்று வினவலாம். இருந்தது. அது கல்லில் வெட்டப்பட்டு இன்றும் நிற்கிறது.

காஞ்சிபுர மாவட்டத்து உத்தரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் என்று இன்று வழங்கும் கட்டடத்தில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919-ஆம் ஆண்டினது. மற்றொன்று 921-ஆம் ஆண்டினது. இப்பராந்தகன் நம் பக்கத்துக்கு அயலான் அல்லன். திருக்காளத்திக்கு அருகில் தொண்டமாநாட்டில் தன் தந்தை ஆதித்தனின் நினைவாகக் கோயில் எழுப்பியவன் இவனே. உத்தரமேரூர்ச் சபையார் கூடி, ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்து அங்கே வெட்டுவித்தனர். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னை மதிப்பிட ஒரு வாரியம் என்று காரியங்கள் பிரிக்கப்பட்டன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் மீண்டும் வர இயலாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர இயலாது.

இந்த ஏற்பாட்டுக்கு அக்கல்வெட்டு இட்ட பெயர் 'வியவஸ்தை' என்பதாகும். சபையார் தாமே கூடி வியவஸ்தை செய்தனர். அரசனின் ஆணை மேலே இருந்தது. அரசனின் அதிகாரி உடன் அமர்ந்திருந்தார். பெரிய ஆட்சியின் கீழ் நின்று, ஊரார் தம் ஊருக்கு வகுத்துக்கொண்ட எழுத்துமூலமான சட்டம் அது. பைலா என்பதற்கு இதனினும் பொருத்தமான விளக்கம் வேண்டுமா?

வியத்தற்குரிய செய்தி இன்னொன்றும் உண்டு. 919-இல் வகுத்த முறை இரண்டே ஆண்டுகளில் திருத்தப்பட்டது. முன்னதில் முப்பது முதல் அறுபது வயது வரை என்றிருந்த வரம்பு, பின்னதில் முப்பத்தைந்து முதல் எழுபது என்று மாறியது. தகுதிகளும் தகுதியின்மைகளும் விரிவாக எழுதப்பட்டன. கல்லில் வெட்டிய சட்டத்தையும் குறை கண்டபோது திருத்தத் தயங்காத சபையார் அவர்கள். இன்றோ தாளில் அச்சிட்டதைக் கல்லில் வெட்டியது என்று சொல்லி நம்மை அடக்குவோர் உளர்.

நெல்லைப் பக்கத்து மானூரில் இதனினும் மூத்த கல்வெட்டு ஒன்று உள்ளது. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தது. ஏறத்தாழ 800-ஆம் ஆண்டினது என்பர். சபையில் எதைச் சொன்னாலும் 'அன்று, அன்று' என்று மறுத்துக் காரியத்தைக் கெடுப்போர்க்கு ஐந்து காசு தண்டம் என்று அவ்வூரார் விதித்துக்கொண்டனர். நம் சங்கத்துப் பொதுக்குழுவில் இவ்விதியை இன்று ஏற்றுக்கொண்டால் சங்கக் கட்டடம் விரைவில் எழும்பிவிடும் என்று நண்பர் ஒருவர் கூறியதை இங்கே எழுதாமல் விட மனம் வரவில்லை.

திருச்சானூரும் பழமையில் குறைந்ததன்று. திருவேங்கடத்துக் கோயில் காரியங்களையும் அறக்கட்டளைகளையும் ஏற்று நடத்திய திருச்சுகனூர்ச் சபையாரைப் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. நாம் வாழும் இம்மண்ணிலேயே ஊர் கூடிக் காரியம் நடத்தும் முறை இருந்தது என்பதற்கு அது சான்று.

பழையதைப் போற்றும்போது அதன் குறையை மறைத்தல் கூடாது. உத்தரமேரூரில் குடத்தில் பெயர் இடப்பெற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். ஆணாகவும் இருத்தல் வேண்டும். உழுதவர்க்கும் நெய்தவர்க்கும் பெண்டிர்க்கும் அங்கே ஓலை இல்லை. நம் கடிதத்து மூதாட்டி அவ்வூரில் இருந்திருந்தால் சபையில் வாய் திறந்திருக்க இயலாது. இன்று நிலை வேறு. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, ஊராட்சியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் பெண்டிர்க்கு உரியது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளோர் அனைவரும் கிராம சபையினரே. கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு உடையவர் எவரோ, அவரே பொதுக்குழுவின் உறுப்பினர்.

இவ்வளவு பெருமை பெற்ற வியவஸ்தை என்னும் சொல் பின்னர் என்ன ஆயிற்று? தெலுங்கில் அது அமைப்பு, ஏற்பாடு என்னும் பொருளில் வாழ்கிறது. சிங்களத்தில் நாட்டின் அரசியலமைப்பையே வியவஸ்தாவ என்று முடியும் தொடரால் குறிப்பர். உபவிதியையும் அச்சொல் கொண்டே வழங்குவர். தமிழில் மட்டும் அது இளைத்து 'விவஸ்தை' ஆகி, வீட்டில் வைது பேசும் சொல்லாகச் சுருங்கிவிட்டது. "விவஸ்தை கெட்டவன்", "உனக்கு விவஸ்தை இல்லையா?" என்கிறோம். ஊரின் சட்டமாக இருந்தது தனியொருவனின் மான உணர்வாக மாறிவிட்டது. ஒரு வகையில் இதுவும் சிந்திக்கத்தக்கதே. விதி எது என்பதே தெரியாமல் அதன் பெயரால் பணம் பிடிப்பதை, நம் பாட்டிமார் ஒரே சொல்லில் விவஸ்தை கெட்ட செயல் என்று சொல்லியிருப்பர். அச்சொல்லின் பழம்பொருளும் அங்கே அப்படியே பொருந்துகிறது.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். பைலாவை 'ஊர்க்கட்டுப்பாடு' என்றே கூறிவிடலாமே, தெலுங்கரும் 'கட்டுபாட்டு' என்கின்றனரே என்று சிலர் கேட்பர். கூடாது என்பதே நம் கருத்து. ஊர்க்கட்டுப்பாடு என்று நம் ஊர்களில் வழங்கியது எழுதப்படாதது. அதற்கு மேலே நின்று கேள்வி கேட்கும் சட்டம் இல்லை. அதன் பெயரால் குடும்பங்கள் ஊர்விலக்குச் செய்யப்பட்டன. தண்ணீர் எடுக்கவும் தீ வாங்கவும் தடுக்கப்பட்டன. தேநீர்க் கடையில் ஒரு சாராருக்குத் தனிக் குவளை வைத்ததும் எழுதாத கட்டுப்பாடே. 2011-ஆம் ஆண்டில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில், இரட்டைக் குவளை முறையைக் கண்டித்த உச்ச நீதிமன்றம், கட்டப்பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டத்துக்குப் புறம்பானவை என்றும் கூறிற்று. ஊர் சொன்னது என்பதனாலேயே ஒன்று ஊர்ச்சட்டம் ஆகிவிடாது. எழுத்தில் இருக்க வேண்டும். மேற்சட்டத்துக்கு அடங்கியிருக்க வேண்டும். கட்டுப்படுவோர் அனைவரும் அதனைக் காண இயல வேண்டும். இம்மூன்றும் இல்லாதது வெறும் கட்டு.

மேற்சட்டத்துக்கு அடங்குதல் என்பதை நம் அரசியலமைப்பே வெளிப்படையாகக் கூறுகிறது. அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்பது அதன் 13-ஆவது உறுப்பு. அங்கே 'சட்டம்' என்பதில் எவையெவை அடங்கும் என்று எண்ணும்போது, அவசரச் சட்டம், ஆணை, விதி, அறிவிக்கை ஆகியவற்றோடு பைலாவும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. சட்ட வலிமை பெற்ற வழக்கமும் குறிக்கப்பட்டுள்ளது.

இது ஏட்டளவில் நின்ற சொல் அன்று. உத்தரப் பிரதேசத்து ஜலாலாபாத்தில் முகம்மது யாசீன் என்னும் மொத்தக் காய்கறி வணிகர் ஒருவர் இருந்தார். அவ்வூர்க் குழு தன் பைலாக்களின் பெயரால், மொத்த வணிகத்தில் கட்டணம் பெறும் உரிமையை ஒரு குத்தகைதாரருக்குக் கொடுத்துவிட்டது. மற்ற வணிகர் அவரைச் சார்ந்தே பிழைக்க வேண்டிய நிலை உண்டாயிற்று. யாசீன் நேரே உச்ச நீதிமன்றம் சென்றார். 1952-ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. மூலச் சட்டம் கொடுக்காத அதிகாரத்தை ஊர்க் குழு எடுத்துக்கொண்டது. அவ்வாறு விதித்த கட்டணம் அவர் தொழில் செய்யும் உரிமையைத் தடுக்கிறது. ஆகவே அந்தப் பைலாக்கள் செல்லா என்பது முடிவு. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து இரண்டே ஆண்டுகள் கடந்த நிலையில் ஒரு காய்கறி வணிகர் பெற்ற வெற்றி அது.

ஊர்ச்சட்டம் வலுவற்றது என்று இதனால் எண்ணுதல் வேண்டா. 1898-இல் இங்கிலாந்தில் நிகழ்ந்த வழக்கு ஒன்று உண்டு. குடியிருப்பு வீட்டுக்கு ஐம்பது கசத்துக்குள் தெருவில் பாடுபவர், வீட்டாரோ காவலரோ நிறுத்தச் சொன்ன பின்னும் பாடினால் குற்றம் என்று கென்டு மாவட்ட மன்றம் பைலா இயற்றியிருந்தது. குரூசு என்பவர் இறைவனைப் பாடினார்; நிறுத்தவில்லை; தண்டம் விதிக்கப்பட்டது. அவர் முறையிட்டபோது நீதிமன்றம் அந்தப் பைலாவை நிலைநிறுத்திற்று. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இயற்றியதை நல்லெண்ணத்தோடு நோக்க வேண்டும். ஆனால் அது ஒரு சாரார்க்கு ஒன்றும் மற்றொரு சாரார்க்கு ஒன்றுமாகப் பாகுபடுத்தினாலோ, வெளிப்படையாக அநீதியாக இருந்தாலோ, தீய நோக்கத்தோடு இயற்றப்பட்டிருந்தாலோ நீதிமன்றம் அதனை ஏற்காது என்பது அங்கே வகுத்த நெறி. மார்கழி விடியலில் ஒலிபெருக்கி கட்டும் நம் அன்பர்கள் இவ்வழக்கை ஒருமுறை நினைத்துக்கொள்வது நலம்.

இப்போது பால் சங்கத்துக்கு வருவோம். ஜலாலாபாத்திலும் கென்டிலும் கண்டவை ஊர் ஆட்சி இயற்றியவை. ஊராட்சி இயற்றும் பைலா அவ்வெல்லைக்குள் இருக்கும் அனைவரையும் கட்டும். மீறினால் தண்டம் உண்டு. கூட்டுறவுச் சங்கம், வீட்டுரிமையாளர் சங்கம், நம் தமிழ்ச் சங்கம் ஆகியவை இயற்றுவது வேறு வகை. பெயர் ஒன்று, தன்மை வேறு. ஆந்திரத்துக் கூட்டுறவு மத்திய வங்கிகளுக்கும் அவற்றின் ஊழியர்க்கும் நேர்ந்த பிணக்கு ஒன்று ஐதராபாத்துத் தொழில் தீர்ப்பாயம் வழியாக உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. எங்கள் பைலாக்கள் சட்டமே, அவற்றைத் தீர்ப்பாயம் மாற்ற இயலாது என்பது வங்கிகளின் வாதம். 1969-இல் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்தின் பைலா சட்டத்தின் கீழ் இயற்றப்படுவது உண்மையே. ஆயினும் அது சட்டத்தின் வலிமை உடையதன்று. ஒரு கம்பெனியின் அமைப்பு விதிகளைப் போல, அதனைச் சேர்ந்தவர்களுக்குள் செல்லுபடியாவது என்று தெளிவுபடுத்திற்று.

எளிய தமிழில் கூறினால், சங்கத்தின் பைலா உறுப்பினர் ஒருவரோடொருவர் செய்துகொண்ட ஒப்பந்தம். ஒப்பந்தம் என்றால் அதன் ஒரு படி நமக்கும் தெரிய வேண்டும் அன்றோ? 1912-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டமே இதற்கு வழி வகுத்துள்ளது. சட்டம், விதிகள், சங்கத்தின் பைலாக்கள், உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றின் படியைச் சங்கம் தன் பதிவு முகவரியில் வைத்து, தக்க நேரங்களில் கட்டணமின்றிப் பார்வையிடத் திறந்து வைத்தல் வேண்டும் என்று அது விதித்தது. பீரோவும் சாவியும் அன்றே கேள்விக்கு உட்பட்டுவிட்டன. பைலாவைத் திருத்துவதற்கும் முறை உண்டு. பொதுக்குழு கூடி முடிவு செய்து, பதிவாளர் அதனைப் பதிவு செய்த பின்னரே திருத்தம் உயிர் பெறும். நேற்று இரவு நால்வர் பேசியது இன்று காலை பைலா ஆகாது.

கடிதம் எழுதிய அம்மையார்க்கு நாம் கூறுவது இதுவே. தாங்கள் கேட்டது குற்றமன்று, உறுப்பினரின் உரிமை. மாமியாரின் பெயரால் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பிடித்த தொகை எந்தப் பைலாவின் எந்தப் பிரிவின்படி பிடிக்கப்பட்டது, எந்தப் பொதுக்குழுவில் அது முடிவாயிற்று, அதன் படியை எந்த நாளில் பார்வையிடலாம் என்னும் மூன்றை மட்டும் கேளுங்கள். தெலுங்கில் எழுதுங்கள், எழுத இயலாவிடில் நம் சங்க அலுவலகத்துக்கு ஞாயிறு மாலை வந்தால் எழுதித் தரப்படும். பெறுகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சினமும் வேண்டா, அச்சமும் வேண்டா. முறையாகப் பிடித்த தொகையாக இருந்தால் காட்டுவதில் அவர்களுக்குத் தடையேதும் இராது. உங்கள் மனமும் அமைதியுறும். முறையில்லாததாக இருந்தால் கூட்டுறவுப் பதிவாளர் அலுவலகம் சித்தூரில் உள்ளது.

நம்மவர்க்குப் பொதுவாக ஒன்று கூற விரும்புகிறோம். இம்மாவட்டத்து மக்கள் சட்டத்தின் மொழி மாறுவதைப் பலமுறை கண்டவர்கள். 1911 வரை சித்தூர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகர். அவ்வாண்டில் தனி மாவட்டம். 1953-இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் சென்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வீடு பெயராதவர்க்கும் எல்லை பெயர்ந்தது. வீடு பெயர்ந்து வந்தவர்களோ மொழி தெரியாத தாளில் கையொப்பமிடுவதே வாழ்க்கை என்று பழகிவிட்டனர். வாடகை ஒப்பந்தம், அடுக்குமாடிச் சங்கம், சுயஉதவிக் குழு, சீட்டுக் கட்டும் இடம் என எங்கு சென்றாலும் ஒரு விதித்தாள் நம்மை எதிர்கொள்கிறது. கையொப்பமிடுமுன், "இதைப் படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்பது நாணத்தக்க செயல் அன்று. படித்துச் சொல்ல ஒருவரும் இல்லையென்றால், வீட்டில் தெலுங்குப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை இருக்கிறது. அப்பிள்ளையின் கல்விக்கு இதனினும் நல்ல பயிற்சி வேறில்லை.

பிறரைக் கூறும் நாம் நம் வீட்டையும் நோக்க வேண்டும். நம் சங்கத்தின் பைலா ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது என்பதை இக்கடிதம் நமக்கு நினைவூட்டிற்று. அதனைத் தமிழில் எழுதிச் சங்கக் கட்டடத்துச் சுவரில் தொங்கவிட வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் வேண்டுகோள் வைக்க இருக்கிறோம். உத்தரமேரூரார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் செய்ததை நாம் அட்டையிலேனும் செய்யலாமே.

அதற்குத் தமிழ்ப்பெயர் யாது இடுவது? சங்கங்களுக்குத் 'துணைவிதி' என்பது நாடறிந்த வழக்காதலின் அதனையே கொள்வோம். ஊராட்சியும் நகராட்சியும் இயற்றுவனவற்றை 'ஊர்விதி' என்று வழங்கினால் சொல்லின் உயிர் திரும்பக் கிடைக்கும் என்பது நம் எண்ணம். நேயர்கள் இதனினும் நல்ல சொல் கண்டால் எழுதுக.

கடைசியாக அம்மூதாட்டிக்கு ஒரு சொல். அம்மா, பைலா என்பவர் எந்த ஊர்க்காரர் என்று தாங்கள் கேட்டீர்கள். சிரித்தவர்களுக்கு விடை தெரியாது. அவர் வெளியூரார் அல்லர். பீரோவுக்குள் இருப்பவரும் அல்லர். 'பை' என்றால் ஊர். சங்கத்தில் பங்கு உடைய நீங்களும், வரிசையில் உங்களோடு பால் ஊற்ற நின்றவர்களும் கூடினால் அதுவே பைலாவின் ஊர். அவரை நேரில் கண்டு பேசலாமா என்றும் கேட்டீர்கள். பேசலாம், அடுத்த பொதுக்குழு கூடும் நாளில் பால் குவளையை மருமகளிடம் கொடுத்துவிட்டு முன்வரிசையில் சென்று அமருங்கள்.